பர்வதமலைக்கு வழி

தென்னேரிக் கரைமேல் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் பேர் சொல்லும்படியான மலை ஒன்றும் தெரியாது. தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் பனை, பனைக்கு அப்பால் வானம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இது. திரையன் வெட்டியது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைச் சொல்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படை அவன்மேல் பாடியதுதான். அதே பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னன்மேல் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி. அந்த நன்னனின் நவிரமலை எது என்று கேட்டால் அறிஞர் பலரும் காட்டுவது, திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம் வட்டத்திலுள்ள பர்வதமலையை.

இந்தக் கணக்கெல்லாம் என் மண்டையில் மட்டும்தான். மலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர் எதிர்வீட்டு அண்ணன். குழித்தறியில் பட்டு நெய்கிறவர். தறியில் ஒரு பாவு முடிந்திருந்தது. அடுத்த பாவைப் பிணைத்துத் தர வேண்டிய ஆள் திங்கட்கிழமைதான் வருவார். "ரெண்டு நாள் சும்மா குந்திக்கினு இருந்தா காலு மரத்துப்பூடும். வா, பர்வதமலை ஏறிட்டு வந்துடலாம்" என்றார். கூடவே அவருடைய அக்கா மகன், பொறியியல் படிக்கிறவன், ஒட்டிக்கொண்டான். அவனுக்கு இது மலையேற்றம். அண்ணனுக்கு வேண்டுதல். எனக்கு எது என்று என்னைக் கேட்டால் பத்துப்பாட்டைக் காட்டுவேன். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, அதற்குள் ஆளுக்கு ஒரு உலகம்.

பையன் பையில் தலையில் கட்டும் விளக்கு, உப்புச்சர்க்கரைப் பொடி, மடிக்கிற ஊன்றுகோல், மழைச்சட்டை. மழை போய் மார்கழியும் முடிந்த தை மாதத்தில் மழைச்சட்டை எதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு, பட்டியலில் இருந்தது என்றான். அண்ணன் பையில் வில்வம், கற்பூரம், ஒரு சின்னச் செம்பு, வேட்டி, மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லி. மலைக்கு எடுத்துப் போவதற்கென்றே பிறந்த பண்டம் காஞ்சிபுரம் கோயில் இட்லிதான் என்பது என் அபிப்பிராயம். வரதராஜர் சந்நிதியில் மூங்கில் குடலையில் வேகவைக்கிற இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்வதால் மறுநாளும் கெடாது, தொட்டுக்கொள்ளவும் ஒன்றும் வேண்டாம். கடையில் விற்கிற சத்துக்கட்டிகளை வைத்துக்கொண்டு பையன் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தான். ஆரணி வருவதற்குள் இட்லியில் பாதியைக் காலி செய்தவன் அவன்தான்.

சனிக்கிழமை காலை வாலாஜாபாத், காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி, போளூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். ஆரணியும் பட்டு நெய்கிற ஊர் ஆனதால், ஜன்னலோரம் இருந்த அண்ணன் கடைகளில் தொங்கிய புடவைகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே வந்தார். போளூரில் ஒரு பஸ்ஸின் பலகையில் 'காஞ்சி' என்று பார்த்துப் பையன் திடுக்கிட்டான். சுற்றிச் சுற்றி வீட்டுக்கே போகிற பஸ்ஸா என்று. கலசப்பாக்கத்துக்கு மேற்கே அந்தப் பெயரில் ஒரு ஊர் இருக்கிறது.

இந்த வழியில் எங்களுக்கு உறவு என்றால் செய்யாறுதான். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்துக்கு அருகே குப்பநத்தம் அணையில் தேங்கி, கலசப்பாக்கம் வழியாகக் கிழக்கே வருகிற ஆறு. ரத சப்தமி அன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குக் கலசப்பாக்கத்துச் செய்யாற்றுக்குத்தான் எழுந்தருள்கிறார். அந்த ஆறு கடைசியில் பாலாற்றில் விழுகிற இடம் திருமுக்கூடல், எங்கள் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில். மலைபடுகடாமில் நன்னன் ஊருக்குப் போகிற கூத்தர்களுக்குத் துணையாக ஓடுவதும் இதே சேயாறு. ஆக நாங்கள் போனது, எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்கிற தண்ணீரின் எதிர்த்திசையில். பஸ் பாலம் கடந்தபோது ஆற்றில் மணலும் நாணலும் ஒரு கோடு ஈரமும் இருந்தன.

மலைக்கு இரண்டு பக்கம் வழி உண்டு. கடலாடி ஒரு பக்கம், தென்மாதிமங்கலம் இன்னொரு பக்கம். செய்யாற்றங்கரையின் ஏழு கரைகண்டீசுவரர் கோயில்களில் இந்த இரண்டு ஊர்க் கோயில்களும் அடக்கம். கடலாடி வழி செங்குத்து, கூட்டம் குறைவு. நாங்கள் தென்மாதிமங்கலத்தில் இரவு தங்கினோம். சாயங்காலம் ஊருக்குள் நின்று பார்த்தபோது மலை முழுசாகத் தெரிந்தது: அடியில் பசும் காடு, நடுவில் காய்ந்த புதர், மேலே ஒன்றுமே முளைக்காத மொட்டைப் பாறை, அதன் உச்சியில் சுண்ணாம்புப் பொட்டாகக் கோயில். 4,500 அடிக்கு மேல் உயரம். டீக்கடைக்காரரைப் பையன் கேட்டான், "அண்ணா, மேல போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஏறினா ஏறினதுதான்" என்றார் அவர்.

விடியற்காலையில் புறப்பட்டோம். ஊரிலிருந்து அடிவாரம் நடக்கிற தூரம்தான். சிலர் ஆட்டோவில் போகிறார்கள். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். வெளியே ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய முனிகள், மீசையும் கண்ணும் வாளுமாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரையிருட்டில் அவர்களைத் தாண்டிப் போகிறபோது பையன்கூடக் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டான். வனத்துறையினர் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அடுத்து வீரபத்திரர் கோயில். அதன்பின் படி.

படிக்கட்டுப் பகுதியைப் பற்றி எழுத அதிகமில்லை. காட்டு நிழலில் கல்படி. ஏறினால் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகும். இரண்டு பக்கமும் மோர், எலுமிச்சைச் சாறு, வெள்ளரிக்காய் விற்கிறவர்கள். குரங்குகள் யார் பையில் என்ன இருக்கிறது என்று வனத்துறையைவிட நன்றாக அறிந்தவை. அண்ணன் சீராக ஏறினார். காலமெல்லாம் குழிக்குள் கால் தொங்கவிட்டு மிதி மிதிக்கிறவரின் கெண்டைக்கால் அது. ஊன்றுகோல் வைத்திருந்த பையன்தான் அடிக்கடி நின்றான்.

நிற்கிறபோதெல்லாம் அவன் ஒரு தப்பு செய்தான். இறங்கி வருகிறவர்களைக் கேட்டான்.

"இன்னும் எவ்ளோ தூரம்ணா?"

"தோ, கொஞ்ச தூரம்தான்."

அரை மணி ஏறிய பிறகு அடுத்த கூட்டம். அதே கேள்வி. "தோ, வந்துடுச்சு தம்பி. அந்த வளைவு தாண்டினா தெரியும்." வளைவு தாண்டினால் தெரிந்தது இன்னொரு வளைவு. முன்பின் தெரியாத ஒரு பாட்டி, வெறுங்காலோடு இறங்கிக்கொண்டிருந்தவர், அவன் முகத்தைப் பார்த்துக் கேள்விக்கே காத்திராமல், "முக்கால்வாசி வந்துட்ட கண்ணு" என்று ஆசி வழங்கிவிட்டுப் போனார். நாங்கள் அப்போது படியையே தாண்டவில்லை.

"எல்லாரும் பொய் சொல்றாங்க மாமா" என்றான்.

"பொய்யி இல்லடா. தெம்பு" என்றார் அண்ணன்.

நான் பையன் கட்சி. இந்தத் தெம்பு எனக்கு ஒத்துவராது. என் பையில் இருந்த மலைபடுகடாம் அந்த விஷயத்தில் மகா கறாரான பாட்டு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். இறங்கி வருகிறவன் ஏறப் போகிறவனுக்குச் சொல்வது, அவ்வளவுதான் பாட்டின் அமைப்பு. ஆனால் அவன் ஓரிடத்திலும் 'தோ, வந்துடுச்சு' என்று சொல்வதில்லை. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும், அதனால் விடிந்த பிறகு போங்கள் என்கிறான். குழிகளில் பாம்பு கிடக்கும் என்கிறான். தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், அது உங்கள் பக்கம் பறந்து வரும், மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள் என்கிறான். பாசி வழுக்குகிற இடத்தில் கொடியையும் புதரையும் பிடித்துக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகப் போகச் சொல்கிறான். எந்தக் குடிலில் என்ன சோறு கிடைக்கும், எங்கே குகையில் இரவு தங்கலாம், எல்லாம் உண்டு. 1889-இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சுக்கு வந்த பாட்டு. செங்கம் ரிஷபேசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றிலும் அந்தப் பாட்டின் நினைவு இருக்கிறது. இலக்கியமாக அதைப் படித்தவர்கள் பலர். கையில் வைத்துக்கொண்டு மலை ஏறத் தக்க பாட்டு என்று எனக்குத் தோன்றியது, படி முடிந்து காட்டுப்பாதை தொடங்கிய இடத்தில்.

படி முடிந்தால் உருண்டைக் கல்லும் வேரும்தான் பாதை. 'நெட்டு' என்கிறார்கள் இங்கே. இது குமரி நெட்டு, மேலே இருப்பது கடப்பாறை நெட்டு. குமரி நெட்டில் முழங்கால் மார்புவரை வருகிறது. பேச்சு தானாக நின்றுவிடும். நாங்கள் நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தோம். அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். உச்சியில் அன்னதானத்துக்குப் போகிறதாம். அவரை எதுவும் கேட்கப் பையனுக்கு வாய் வரவில்லை.

கடலாடிப் பாதை வந்து சேர்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தேன். ஏறும்போது பிரச்சினை இல்லை, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இறங்கும்போதுதான் பிரிகின்றன. அசந்து தப்புப் பக்கம் திரும்பினால் செருப்பை விட்ட ஊர் ஒன்றாகவும் வந்து சேர்ந்த ஊர் வேறாகவும் ஆகிவிடும். பாறையில் யாரோ பெயிண்டால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். பெருங்கௌசிகனாரின் கூத்தன் இதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறான். வழி பிரிகிற சந்தியில் தரையைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்கள் புதியவர்கள் என்கிறான். பரிசில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பசியோடு போகிறவனுக்கு, அவனுக்குப் பின்னால் வருகிறவனைப் பற்றிய கவலை. பத்துப்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அம்புக்குறியைப் பையனுக்குக் காட்டி இதைச் சொன்னேன். "அந்தக் காலத்து ஜி.பி.எஸ்." என்றான். அதைவிட மேல் என்று நினைத்தேன். மூச்சு வாங்கியதால் சொல்லவில்லை.

குரங்கணியைப் பற்றி அண்ணன்தான் பேச்செடுத்தார். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வார இறுதியில் மலையேறப் போன குழுக்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்கு செய்தது. பையன் அவற்றில் ஒன்றுக்குப் போயிருக்கிறான். வழிகாட்டி முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் இவர்கள். நல்ல ஏற்பாடு. கோயில் மலை அப்படியில்லை. பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். முன்னால் போகிறவர்தான் வழிகாட்டி, அவருக்கும் இதுவே முதல் தடவையாக இருக்கலாம். மழைக்காலத்தில் அடிவாரத்து ஓடைகள் திடீரென்று பெருகும். அப்போது 'தோ, கொஞ்ச தூரம்தான்' என்று சொல்கிறவர் உண்மையில் ஓடையைப் பற்றியல்லவா சொல்லவேண்டும்? "அதுவும் சரிதான்" என்றார் அண்ணன், அரை மனதாக.

காடு சட்டென்று நின்று பாறை தொடங்கியது. ஒரு பக்கம் இடிந்த சுவரும் மண்டபமும். நன்னன் கோட்டை என்று பக்கத்தில் நின்றவர் தம் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சங்ககாலச் சுவர் இவ்வளவு நிமிர்ந்து நிற்காது, பின்னால் யாரோ கட்டியதாக இருக்கவேண்டும். ஆனால் குழந்தைகள் முன்னால் வாதம் செய்ய நான் யார்.

கடப்பாறை நெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டது வேறு, அடியில் நிற்பது வேறு. செங்குத்துப் பாறை. அதில் துளையிட்டுக் கடப்பாறைகளை நட்டு, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். கடப்பாறை மேல் கால், சங்கிலியில் கை. இவ்வளவு பேர் கை பட்டு இரும்பு வழவழவென்று இருக்கிறது. முடியாதவர்களுக்கு இரும்புப் படிக்கட்டு வழியும் உண்டு. அதிலும் ஓரிடத்தில் கம்பிகளின் இடுக்கில் கீழே பள்ளம் தெரியும். இங்கே மட்டும் வழி சொல்கிறவர்களின் பாஷை அடியோடு மாறிவிட்டது. "தோ" என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலே இருந்த ஒரு இளைஞர், எங்களுக்கு யார் என்றே தெரியாது, பாறையில் ஒட்டிக் குனிந்து கத்தினார்: "இடது காலை முதல்ல வைங்க. பாறையைப் பிடிக்காதீங்க, சங்கிலியைப் பிடிங்க. பையை முன்னாடி மாட்டாதீங்க, கால் தெரியாது. கீழ பாக்காதீங்க. ஆங், அவ்ளோதான், அடுத்தது வலது." எனக்குச் சொல்லி முடித்தவர் எனக்குப் பின்னால் வந்த அண்ணனுக்கும் அதையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். நான் ஏறி நின்றதும் என் வாயும் தானாகத் திறந்து பையனுக்கு அதையே சொன்னது. அவன் எனக்கு அடுத்தவருக்கு அடுத்தவர். அவன் ஏறிவந்து தனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மாவுக்குச் சொன்னான். அந்த இளைஞர் இதற்குள் போய்விட்டிருந்தார்.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. ஸ்ரீசைலத்துச் சுவாமிக்கும் அம்மனுக்கும் இதே பெயர்கள். மலைக்கு வருகிறவர்கள் தங்கள் கையாலேயே லிங்கத்துக்கு நீரூற்றிப் பூச்சூட்டுகிற வழக்கத்துக்குப் பேர்போன கோயில் இது. அண்ணன் வேட்டி மாற்றி, செம்பை எடுத்துக்கொண்டு போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை; பாவு நல்லபடி பிணையவேண்டும் என்பதும் அதில் இருந்திருக்கும். காஞ்சி மகா பெரியவர் 1944-இல் இந்த மலையையே லிங்கமாகக் கொண்டு கிரிவலம் வந்தார் என்று சொல்கிறார்கள். மார்கழி முதல் தேதி கிரிவலத்துக்கு மலையைச் சுற்றி ஜனம் நடப்பது அந்த நினைவில்தான். அண்ணனுடைய அப்பா காஞ்சிபுரத்திலிருந்து அதற்கென்று வருவாராம்.

காற்று நிற்கவிடவில்லை. ஒரு பக்கம் ஜவ்வாது மலை மடிப்பு மடிப்பாக. எதிர்ப்பக்கம் வெகுதூரத்தில், சமவெளியில் தனியாக, திருவண்ணாமலை. நடுவில் ஏரிகள் தகரத் துண்டுகளாக மின்னின. மலைபடுகடாம் மலையின் ஓசைகளை அடுக்கிக்கொண்டே போகும்: அருவி, தினை காப்போர் கூவல், யானைப் பிளிறல், உரல் ஒலி. நான் கேட்டவை: காற்று, கோயில் மணி, ஒரு கைப்பேசியில் பக்திப்பாட்டு, கீழே கடப்பாறையில் "இடது காலை முதல்ல வைங்க." மிச்சமிருந்த இட்லியைத் தின்றோம். புளிக்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடச் சிரமம் என்று எல்லோரும் சொல்வது உண்மை. முழங்கால் ஒவ்வொரு கல்லிலும் அதை உறுதி செய்தது. அம்புக்குறி போட்ட பாறையில் தென்மாதிமங்கலம் பக்கம் திரும்பி, குமரி நெட்டில் பாதி வந்திருப்போம். கீழிருந்து ஒரு குடும்பம் ஏறி வந்தது. கணவன், மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை. வெயில் ஏறிவிட்டது. அந்தப் பெண் வேரில் சாய்ந்து நின்று எங்களைக் கேட்டார்.

"இன்னும் எவ்ளோ தூரம் தம்பி?"

காலையிலிருந்து இந்தப் பொய்யை எதிர்த்துப் போராடிய பையன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "தோ, கொஞ்ச தூரம்தான்க்கா."

அண்ணன் அப்படியே பாறையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. நான் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன். இந்த வேகத்தில் இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காடு முடிந்தபிறகு நிழலே கிடையாது. கடைசியாக மோர் வாங்கின கடை உங்களுக்குக் கீழே போய்விட்டது, அதனால் தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள். சங்கிலிப் பக்கம் குழந்தையோடு போகவேண்டாம், இரும்புப் படிக்கட்டு இருக்கிறது, கேட்டுப் போங்கள். முடியாது என்று தோன்றினால் இங்கேயே திரும்புங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பையன், பரிகாரம்போல, தன்னிடமிருந்த உப்புச்சர்க்கரைப் பொடியைக் கொடுத்து எப்படிக் கலக்குவது என்று விளக்கினான்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினார். "ரெண்டு மணி நேரமாம். இவளை நீ தூக்கிக்கோ" என்றார். அவர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். குழந்தை தோளிலிருந்து எங்களைப் பார்த்து, ஏறுகிறவர்கள் யாரும் கேட்காததைக் கேட்டது.

"நீங்க எல்லாம் ஏன் கீழ போறீங்க?"

"தறி இருக்கும்மா" என்றார் அண்ணன்.